புதுப்பிப்பு: கூசியது கீழ்ப்பல், சொத்தை மேல்பல்லில்

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. குளிர்ந்த நீர் பட்டால் வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் சுரீரென்று கூசுகிறது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள் என்று கேட்டிருந்தேன். கூச்சத்துக்கான பற்பசை இரண்டு வாரத்தில் எதையும் மாற்றவில்லை. பலித்தது, "பைட்விங் படம் (கடித்தபடி எடுக்கும் பல் எக்ஸ்ரே) எடுக்கச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான்.

முதலில் எடுத்தது வேர் நுனிவரை காட்டும் படம். அதில் கீழ்ப்பல் மட்டுமே இருந்தது. பைட்விங்கில் சிறு தாங்கியைக் கடித்துக்கொள்ள வேண்டும் (அதன் விளிம்பு ஈறில் குத்தும், கண்ணில் நீர் வந்துவிட்டது). மேல், கீழ் பற்களின் தலைப்பகுதி ஒரே படத்தில் விழும். பார்த்தால், கீழ்ப்பல் சுத்தம்! அதற்கு நேர் மேலே, இரண்டு கடைவாய்ப்பற்கள் தொட்டுக்கொள்ளும் இடத்துக்குச் சற்று மேலே, வெண்மையான எனாமலுக்குள் (பல்லின் கடினமான மேலுறை) முக்கோணமாக ஒரு கருநிழல். தாதுச்சத்து கரைந்த இடத்தில் கதிர் எளிதாகக் கடப்பதால் அது கறுப்பாகத் தெரிகிறதாம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த இடுக்கு தெரியவே தெரியாது.

மேல்பல் வலி கீழ்ப்பல்லில் உணரப்படுவது உண்டு என்று மருத்துவர் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அடுத்து மேல்பல்லின் வேரையும் படம் எடுத்தார்கள். நுனியில் கருமை இல்லை, அதாவது தொற்று அங்கே பரவியதற்கான அறிகுறி இல்லை. ஆனாலும் அதை மட்டும் நம்பாமல், மருத்துவர் குளிரூட்டிய பஞ்சை வைத்துச் சோதித்தார். கூச்சம் சில நொடிகளில் அடங்கியது, அதாவது பல்லின் நரம்பு மீள முடியாத அளவுக்குக் கெடவில்லை. எனவே வேர் சிகிச்சை தேவைப்படவில்லை. சொத்தையைச் சுரண்டி அடைத்தார்கள். மூன்று வாரமாகக் கூச்சம் இல்லை.