ஒவ்வொரு பிக்சலின் பிழைக்கும் வரம்பு கட்டிப் படக் கோப்பைச் சுருக்கிய அனுபவம் உண்டா?

உலோகத் தகடுகளில் கீறல் தேடும் கேமராப் படங்களைச் சேமித்து வைப்பது என் வேலை. முதலில் ஜேபெக்கில்தான் வைத்திருந்தோம். பிஎஸ்என்ஆர் (படம் அசலுக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் அளவு) 40 டெசிபெலுக்கு மேல், பார்க்க அருமை. ஆனால் அது சராசரிக் கணக்கு. முழுப் படமும் ஒழுங்காக இருந்து, மெல்லிய கீறல் ஓடும் நாலைந்து பிக்சல்கள் மட்டும் 20 அளவு மாறினாலும் அந்த எண் அசையாது. எங்களுக்கு வேண்டியதோ அந்த நாலைந்துதான்.

ஜேபெக் பிழையை அலைவெண் கெழுக்களில் (படத்தை அலைகளாகப் பிரித்தால் கிடைக்கும் எண்களில்) வைக்கிறது. அது எந்தப் பிக்சலில் எவ்வளவாக வந்து விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 1999-இல் தரமாக வந்த ஜேபெக்-எல்எஸ் வேறு வழியில் போகிறது. இடது, மேல், இடது-மேல் பிக்சல்களை வைத்து அடுத்ததை ஊகிக்கும். நாம் கொடுக்கும் பிழை வரம்புக்கு நியர் என்று பெயர். ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை, நியரை இரட்டித்து ஒன்று கூட்டிய அகலமுள்ள கட்டங்களாகப் பிரிக்கும். நியர் 2 என்றால் கட்டம் 5. கட்டத்தின் நடு மதிப்பை எடுத்துக்கொள்வதால் எந்தப் பக்கமும் 2-க்கு மேல் தவறாது. சுருக்கும்போதும் அசல் பிக்சலை வைத்து ஊகிக்காமல், விரிக்கும்போது கிடைக்கப்போகும் பிக்சலை வைத்தே ஊகிக்கும். இல்லாவிட்டால் பிழை வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகும்.

இரைச்சல் உள்ள எங்கள் படங்களில் இழப்பில்லாமல் சுருக்குவதைவிட நியர் 1-க்குப் பிக்சலுக்குச் சுமார் ஒன்றரை பிட் மிச்சம், 2-க்கு 2.3 பிட். 3-க்குப் போனால் கூடுதலாக அரை பிட்தான். அதனால் 2-லேயே நிறுத்திவிட்டோம்.

---

நான் நில உயரத் தரவுக்கு லெர்க் என்ற சுருக்கு முறையைப் பயன்படுத்துகிறேன். வரைபட மென்பொருள் நிறுவனமான எஸ்ரி உருவாக்கியது. வரம்பை மீட்டரிலேயே கொடுக்கலாம் என்பது பெரிய வசதி: 0.01 என்றால் ஒரு சென்டிமீட்டர். ஆனால் சரிவு கணக்கிடுபவர்கள் கவனிக்கவும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கழிக்கும்போது பிழை இரண்டு மடங்கு வரை போகும். சமதளத்தில் நிழல் வரைபடம் (சரிவுக்கேற்ப வெளிச்சமும் நிழலும் காட்டும் படம்) போட்டால் படிப்படியாகத் தெரிகிறது. உயரத்துக்குப் போதும் என்று வைத்த வரம்பு சரிவுக்குப் போதாது.

---

மருத்துவப் படப் பக்கத்திலிருந்து: மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரமான டைகாமில் ஜேபெக்-எல்எஸ் இழப்பில்லாமலும் உண்டு, நியர் வைத்தும் உண்டு. 12 பிட் படத்தில் 2 என்பது 4096 நிலைகளில் 2. 8 பிட்டில் 256-இல் 2. எண் ஒன்றுதான், சங்கதி வேறு.

வரம்பு இருக்கிறது என்பதற்காகப் படம் அழகாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நியரைக் கூட்டினால் மழமழப்பான இடங்களில் கிடைக்கோடுகள் கிளம்பும். கண்ணுக்காக என்றால் சாதாரண ஜேபெக்கே மேல் என்பது என் கருத்து. இன்னொன்று, விரித்த படத்தைத் திருத்தி மறுபடி சுருக்கினால் இரண்டு வரம்புகளும் கூடிவிடும்.

---

வண்ணப் படம் வைத்திருக்கிறேன். ஆர்ஜிபி-யை (சிவப்பு, பச்சை, நீலம்) முதலில் வேறு வண்ண வடிவத்துக்கு மாற்றிவிட்டு நியர் 2 வைத்தால் அதே வரம்பு கிடைக்குமா?

---

கிடைக்காது. சிவப்புக்குப் பதில் சிவப்பு-பச்சை வித்தியாசத்தை வைத்திருந்தால், விரிக்கும்போது இரண்டின் பிழையும் சேர்ந்து சிவப்பு 4 வரை தவறலாம். வரம்பு முக்கியமென்றால் மூன்று வண்ணங்களையும் தனித்தனியாகவே சுருக்குங்கள். அப்புறம், விரித்த படத்தை அசலிலிருந்து கழித்து, மிகப்பெரிய வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு தடவை பாருங்கள். ஒரு வரி நிரல்தான்.