பட்டையா, முகமா? பட்டையிட்ட சுவர்களுக்கும் அளவுருவழி வடிவமைப்புக்கும் உரிய சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

சாய்வும் மடிப்புமாகப் பல சமதளத் துண்டுகள் சேர்ந்து எழும் சுவரை (faceted wall) தமிழில் ‘பன்முகச் சுவர்’ எனலாம் என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். முகம் என்பது வடிவ கணிதத்தில் நிலைத்த சொல்தான். ஆயினும் முகப்பு என்ற சொல் அன்றாடம் புழங்கும் கட்டடக்கலையில் ‘பன்முக முகப்பு’ என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

நான் பரிந்துரைப்பது ‘பட்டை’. வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறோம். கோயில் தூணை எண்பட்டைத் தூண் என்கிறோம். மண்டகப்பட்டுக் குடைவரையின் தூண்களில் கீழும் மேலும் சதுரமாக விட்டு, இடைப்பகுதியில் மட்டும் மூலைகளைச் சீவி எட்டுப் பட்டையாக்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இச்சொல் விளக்கமின்றியே புரியும். அண்மையில் ஓர் அரங்கின் உட்சுவருக்கு பிளைவுட் பொருத்தியபோது, தச்சர் தாமாகவே, “இந்தப் பட்டையும் அடுத்த பட்டையும் சேருற இடத்துல எத்தனை டிகிரி சீவணும்?” என்று கேட்டார். கைவினைஞர் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதியதைத் தேட எனக்கு மனமில்லை. பட்டை என்பது நாடாவையும் மரத்தின் தோலையும் குறிக்குமே என்ற தயக்கம் நியாயமானது. அதனால்தான் தனியே ‘பட்டைச் சுவர்’ என்னாமல் ‘பன்பட்டைச் சுவர்’ என்றும், வினையாகப் ‘பட்டையிடல்’ என்றும் கொள்ளலாம் என்கிறேன்.

சொல்லின் எல்லையையும் இப்போதே வரையறுத்துவிட வேண்டும். பட்டை என்றால் சமதளம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பெருமுற்றக் கூரை தொலைவிலிருந்து வளைவாகத் தெரிந்தாலும், அது 3,312 முக்கோணக் கண்ணாடிகளால் ஆனது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால் ஒவ்வொன்றும் தட்டையான பட்டையே. ஹாம்பர்க் எல்ப்ஃபில்ஹார்மனி இசையரங்கின் உட்சுவரிலோ, ஒலியைச் சிதறடிப்பதற்காக, ஏறத்தாழ 10,000 ஜிப்சம் பலகைகளில் வளைந்த குழிவுகள் கடைந்தெடுக்கப்பட்டுள்ளன. அதுவும் கணினியில் அளவுகளை மாற்றி மாற்றி உருவாக்கிய சுவர்தான். ஆனால் பன்பட்டைச் சுவர் அன்று.

இனி, இப்படி அளவுகளை மாற்றி வடிவமைக்கும் முறைக்கான (parametric design) சொல். parameter என்பதற்கு நம் கணிதப் பாடநூல்களில் உள்ள ‘துணையலகு’ இங்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. பட்டையின் அகலம், மடிப்பின் கோணம் ஆகியவற்றுள் ஓர் எண்ணை மாற்றினால் சுவர் முழுவதும், வெட்டவேண்டிய பலகைகளின் அளவு உட்பட, தானே திருத்தமடைகிறது. அந்த எண் துணை நிற்பதில்லை, உருவையே ஆள்கிறது. ‘அளவுரு’ என்பதில் அளவும் உருவும் சேர்ந்தே இருக்கின்றன. ‘அளவுரு வடிவமைப்பு’ என்றால் அளவுருக்களை வடிவமைப்பது என்றும் பொருள்படுவதால், ‘அளவுருவழி வடிவமைப்பு’ என்பதே தெளிவு.

இரு பட்டைகள் சந்திக்கும் கோட்டுக்கு ‘மடிகோடு’ எனலாமா? பலகை அங்கே மடிவதில்லை, சீவிச் சேர்க்கப்படுகிறது. ஆகவே எனக்கு அதில் நிறைவில்லை. தச்சரிடமும் கல்தச்சரிடமும் பழகியவர்கள் தாங்கள் கேட்ட சொல்லைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.