வாசிகசாலை ரப்: ஒராள் விட்டிட்டுப் போனதை அடுத்த ஆள் பாக்காமல் இருக்க என்ன வழி?

ஒட்டுசுட்டான் வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தில வாசிகசாலைக்கு நான் பொறுப்பு. வெளிநாட்டில இருக்கிற எங்கட ஊர்ப் பிள்ளையள் சேர்ந்து ஐஞ்சு ரப் (ரப்லெட்) வாங்கித் தந்திருக்கினம். எல்லாம் அன்ட்ரொய்ட். மூண்டு சாம்சுங், மற்ற ரெண்டும் மலிவான சாமான்.

பின்னேரத்தில ஓ.எல், ஏ.எல் பிள்ளையள் வருவினம். ஈ-தக்சலாவ எண்ட கல்வி அமைச்சின்ர இணையத்தளத்தில பாடம் பாக்கிறது, பழைய வினாத்தாள் இறக்கிறது. காலமையில வாறது பெரிய ஆக்கள். அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக்காசு விண்ணப்பம், பாஸ்போட் படிவம், பாங்க் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பிறது, கனடாவில இருக்கிற மகளோட வட்ஸ்அப்பில முகம் பாத்துக் கதைக்கிறது. ஒரு ரப் மத்தியானத்துக்குள்ளேயே கனபேரின்ர கை மாறிவிடும்.

போன கிழமை ஒரு ஏ.எல் பிள்ளை வினாத்தாளைப் படம் எடுக்கக் கமராவைத் திறந்தவ. மூலையில இருக்கிற சின்னப் படத்தில விரல் பட்டவுடன முந்தி வந்த ஒரு அம்மாவின்ர அடையாள அட்டை வந்து நிக்குது. தள்ளினால் அவவின்ர மனுசன்ர இறப்புச் சான்றிதழ். இன்னொருக்காத் தள்ளினால் பாங்க் புத்தகத்தின்ர முதல் பக்கம், கணக்கு இலக்கத்தோட. பிள்ளை நல்ல பிள்ளை, உடன என்னட்டைக் கொண்டுவந்து தந்தவ. எல்லாரும் அப்பிடி இருப்பினமோ? கீபோட்டும் இதே கதைதான். இமெயில் கேக்கிற கட்டத்தில ஒரு எழுத்து அடிச்சால் போதும், முன்னம் வந்து போன ஆக்களின்ர முழு இமெயிலும் மேல வரிசையா வருது.

பின்னேரம் பூட்டக்கை நீங்களே எல்லாத்தையும் பாத்து அழிச்சுவிடுங்கோ எண்டு நிர்வாகத்தில ஒராள் சொல்லுறார். எனக்கு அது சரியாப் படேல்லை. அழிக்கிறதெண்டால் நான் ஒவ்வொண்டாத் திறந்து பாக்கவேணும். ஆருக்கு எவ்வளவு காசு வருது, ஆர் எந்த அலுவலகத்துக்கு என்ன கடிதம் எழுதினது எண்டெல்லாம் நான் பாக்கக்கூடாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடி எழுதின கடிதங்களும் இதுக்குள்ள இருக்கு. பேர் பதியிறது, லிஸ்ட் எடுக்கிறது எண்டால் எங்கட சனத்துக்கு இப்பவும் வயித்தைக் கலக்கும். அந்தப் பயம் சும்மா வந்த பயம் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2009 இல படம், அல்பம் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடிவந்த சனம் இது. ஒரு ஐயா தன்ர மகன்ரை எண்டு மிஞ்சியிருக்கிற ஒரேயொரு படத்தைப் பொலித்தீன் பையில சுத்திக் கொண்டுவந்து, ரப்பில படம் எடுத்து, பிரான்சில இருக்கிற மகளுக்கு அனுப்பினவர். அண்டைக்குச் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. மகளுக்குப் போய்ச் சேர்ந்ததோ எண்டு தெரியாமல் நான் அதில எப்பிடிக் கை வைக்கிறது?

எனக்கு வேண்டியது இதுதான்: வந்த ஆள் எழும்பிப் போக முதல் தன்ர கையாலேயே அழிச்சுப்போட்டுப் போக வேணும். எழுத வாசிக்கக் கஷ்டப்படுற அம்மாமாருக்கும் விளங்க வேணும். காசு குடுத்து வாங்கிற மென்பொருள் ஒண்டும் எங்களுக்குக் கட்டாது.

---

பரந்தன் திருத்துனர்:

அக்கா, கிளிநொச்சியில போன் திருத்திற கடை வைச்சிருக்கிறன். நீங்கள் கேக்கிற சாமான் உங்கட ரப்புக்குள்ளேயே கிடக்கு. அன்ட்ரொய்டில ரப்புக்கு ஒண்டுக்கு மேற்பட்ட பாவனையாளர் எண்ட வசதி 2012 இல, 4.2 வேர்ஷனோடயே வந்திட்டுது. அதுக்குள்ள 'கெஸ்ட்' எண்டு, வந்து போற ஆக்களுக்கான பக்கம் ஒண்டு இருக்கு. கெஸ்ட்டுக்குள்ள எடுத்த படம், இறக்கின பைல், போட்ட பாஸ்வேர்ட் எல்லாம் அதுக்குள்ளேயேதான் நிக்கும், உங்கட பக்கத்துக்கு வராது. கெஸ்ட்டை அகற்றினால் அவ்வளவும் ஒரேயடியாப் போயிடும். ஆரும் திறந்து பாக்கத் தேவையில்லை. உங்கட நிர்வாகத்துக்கு இதைச் சொல்லுங்கோ.

சாம்சுங்கில செற்றிங்ஸுக்குள்ள 'அக்கவுன்ட்ஸ் அன்ட் பக்அப்', அதுக்குள்ள 'யூசர்ஸ்'. மற்ற ரப்புகளில கூடுதலா 'சிஸ்டம்', அதுக்குள்ள 'மல்ட்டிபிள் யூசர்ஸ்'. ஓன் பண்ணிவிட்டால் மேலயிருந்து இழுக்கிற திரையில ஆள் தலை மாதிரி ஒரு சின்னம் வரும். அதைத் தொட்டுத்தான் உள்ளுக்கும் போறது, வெளியிலயும் வாறது. வெளிக்கிடேக்கை அழிக்கட்டோ எண்டு கேக்கும், இல்லாட்டி 'ரிமூவ் கெஸ்ட்' எண்டு நிக்கும். புது வேர்ஷன்களில வெளிக்கிட்டவுடன தானே அழியிற மாதிரியும் போட்டு வைக்கலாம். ஒராள் அழிக்காமல் எழும்பிப் போனாலும், அடுத்த ஆள் உள்ளுக்குப் போகேக்கை 'பழையதைத் தொடரவோ, புதுசாத் தொடங்கவோ' எண்டு கேக்கும். புதுசு எண்டதை அமத்தச் சொல்லிக் குடுங்கோ. இதுக்கொண்டுக்கும் இன்டர்நெட் தேவையில்லை.

உங்கட சொந்தப் பக்கத்துக்குக் கட்டாயம் பின் இலக்கம் போடுங்கோ. அது இல்லாட்டிச் சனம் சுத்திச் சுத்தி அங்கதான் வந்து நிக்கும்.

குறையையும் சொல்லவேணும். நீங்கள் இறக்கி வைச்சிருக்கிற அப் ஒண்டும் கெஸ்ட்டுக்குள்ள இராது. குரோம் இருக்கும், ஈ-தக்சலாவவுக்கும் படிவத்துக்கும் அது காணும். வட்ஸ்அப்புக்குக் காணாது. தொடுதிரைப் போன் வைச்சிருக்கிற ஆக்களுக்கு வைபையைக் குடுத்து அவையின்ர போனிலயே கதைக்க விடுங்கோ. பட்டன் போன் அம்மாமாருக்கு ஒரு ரப்பைப் புறம்பா எடுத்து, வாசிகசாலையின்ர சொந்த நம்பரில வட்ஸ்அப் போடுங்கோ. பிள்ளையள் அந்த நம்பருக்கு எடுக்கட்டும். அதில தானா மறையிற மெசேஜை 24 மணித்தியாலத்துக்குப் போட்டு, படம் தானா இறங்கிறதை நிப்பாட்டி, கோல் லிஸ்டைக் கதைச்ச ஆளுக்கு முன்னாலயே துடைச்சுவிடுங்கோ.

மலிவான ரப்பில சில கம்பனிக்காரர் இந்த வசதியையே மூடி வைச்சிருப்பினம். அப்பிடியெண்டால் எழுதுங்கோ, அதுக்கு வேற வழி சொல்லுறன்.

---

மல்லாவி கள உத்தியோகத்தர்:

தங்கச்சி, கணக்கெடுப்பு வேலையில ரப்போட ஊர் ஊராத் திரியிற ஆள் நான். பரந்தன் தம்பி சொன்னது சரி. நான் சொல்ல வாறது வேற.

முதலில அந்த அடையாள அட்டைப் படத்தைப் பற்றி. எங்கட அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த திகதி இருக்கு. பழைய இலக்கத்தில முதல் ரெண்டு எண்ணும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாம் நாள் எண்டது. பொம்பிளையள் எண்டால் அந்த நாளோட 500 ஐக் கூட்டியிருக்கும். புது 12 இலக்கத்தில வருசம் முழுசா நாலு எண்ணில நிக்கும். அந்த அம்மாவின்ர இலக்கமும் பாங்க் புத்தகமும் ஒரே கலரியில கிடந்தால் அவவின்ர பேர், பிறந்த நாள், கணக்கு எல்லாம் பாக்கிறவன்ர கையில. மனுசன் இல்லை எண்டதும் ரெண்டாம் படத்தில. தனிய இருக்கிற பொம்பிளைக்குப் போன் எடுத்து ஏமாத்திறவனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

ரெண்டாவது, படிவம் நிரப்பிற அப். ஓடிகே, கோபோ மாதிரியான அப்பில அனுப்பி முடிச்ச படிவமும் அதோட எடுத்த படமும் ரப்பிலேயே கிடக்கும், நாங்கள் அழிக்கச் சொல்லுமட்டும். 'அனுப்பின பிறகு அழி' எண்டு செற்றிங்ஸில ஒரு தெரிவு இருக்கு. உங்கட ரப்பை வேற ஆரும் கணக்கெடுப்புக்கு இரவல் கேட்டால் அது ஓன் பண்ணியிருக்கோ எண்டு பாத்துப்போட்டுக் குடுங்கோ. திரும்பி வந்த உடனயும் ஒருக்காப் பாருங்கோ. பாவிச்சு முடிஞ்ச தரவைத் தேவைக்கு மேல வைச்சிருக்கக்கூடாது எண்டு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலயும் இருக்கு. நிர்வாகத்தில கதைக்கேக்கை அதையும் சொல்லுங்கோ, கொஞ்சம் காது குடுப்பினம்.

மூண்டாவதுதான் எனக்குப் பெரிசு. அழிக்கிற பட்டனை அந்த ஆளே அமத்தட்டும். நீங்கள் பக்கத்தில நிண்டு இடத்தைக் காட்டினால் காணும். அமத்த முதல் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கோ: "அம்மா, அனுப்பினது போய்ச் சேர்ந்திட்டுதோ, உங்களுக்கு ஒரு கொப்பி வேணுமோ?" எங்கட பக்கத்தில கடதாசி தொலைஞ்ச வீடு கன வீடு. ஒரு பிறப்புச் சான்றிதழைத் திரும்ப எடுக்க எத்தினை கந்தோர் ஏறி இறங்க வேணுமெண்டு உங்களுக்குத் தெரியும். கெஸ்ட்டில ஒருக்கா அழிஞ்சால் திரும்பி வராது. அந்த ஐயாவின்ர படத்தை இப்ப அழிக்காதேங்கோ. அவரைக் கூப்பிட்டு, மகளுக்குப் போன் எடுத்துக் கேட்டு, பிறகு செய்யுங்கோ.

---

வவுனியா ஆசிரியர்:

ஐபாட் வைச்சிருக்கிற வாசிகசாலைக்காரர் ஆரும் வாசித்தால் அவைக்காகச் சொல்லுறன். சாதாரண ஐபாட்டில கெஸ்ட் எண்டு ஒண்டு இல்லை. 'ஷெயார்ட் ஐபாட்' எண்டது பாடசாலையோ நிறுவனமோ ஆப்பிளிட்டப் பதிஞ்சு, நிர்வகிக்கிற சேவையொண்டோட இணைச்சால்தான் வரும். கிராம வாசிகசாலைக்கு அன்ட்ரொய்ட்தான் வசதி.

---

ஒட்டுசுட்டான் வாசகி:

எல்லாருக்கும் நன்றி. சாம்சுங் மூண்டிலயும் கெஸ்ட் வந்திட்டுது. மலிவானதில ஒண்டில இருக்கு, மற்றதில அந்த இடமே இல்லை. இல்லாததைத்தான் வட்ஸ்அப்புக்கு எண்டு ஒதுக்குவம் எண்டு நினைக்கிறன்.

ஐயாவைக் கூப்பிட்டனான். மகளுக்குப் போய்ச் சேரேல்லையாம், மங்கலான சின்னப் படம் ஒண்டுதான் அங்க போயிருக்கு. திரும்ப முழுசா அனுப்பி, மகள் கிடைச்சதெண்டு சொன்னாப்பிறகு அவரே அழிச்சவர். முள்ளியவளைப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில பெரிசாக் கழுவித் தரக் குடுத்திருக்கிறம். அந்தச் செலவை நிலையம் பாக்கும்.

அழிக்கிற பட்டனைத் தாங்களே அமத்திறதில அம்மாமாருக்கு நல்ல சந்தோசம். ஒரு அம்மா அமத்தின பிறகும் போகேல்லை. திரும்பக் கெஸ்ட்டுக்குள்ள போய்க் கலரியைத் திறந்து காட்டு பிள்ளை எண்டு நிண்டவ. வெறுமையா இருந்ததைப் பாத்த பிறகுதான் பையைத் தூக்கினவ. இனி எல்லாருக்கும் அப்பிடியே திறந்து காட்டிறதெண்டு முடிவெடுத்திட்டன்.

தம்பி, ரெண்டு கேள்வி. கெஸ்ட் இல்லாத ரப்பில இப்ப கிடக்கிற பழையதுகளை என்ன செய்யிறது? அதில ஆரோ தன்ர கூகிள் கணக்கையும் போட்டு விட்டிட்டுப் போயிருக்கு. மற்றது, என்ர பக்கத்துக் கீபோட்டில அந்த இமெயில் பேர்கள் இன்னும் வருது.

---

பரந்தன் திருத்துனர்:

அக்கா, அந்த ரப்பைப் பக்டரி ரீசெற் பண்ணத்தான் வேணும், எல்லாத்தையும் அழிச்சுப் புதுசு மாதிரி ஆக்கிறது. ஆனால் கூகிள் கணக்கைக் கழட்டாமல் ரீசெற்றில கை வைக்காதேங்கோ. சில பேர் பவர் பட்டனையும் சத்தப் பட்டனையும் சேர்த்து அமத்தி ரீசெற் பண்ணுவினம். அப்பிடிச் செய்தால் ரப் திரும்ப ஓன் ஆகேக்கை முந்தியிருந்த கணக்கின்ர பாஸ்வேர்டைக் கேட்டு மறிச்சுக்கொண்டு நிக்கும். களவு போன ரப்பை வேற ஆரும் பாவிக்காமல் இருக்கக் கூகிள் போட்ட பூட்டு அது. எங்கட கடைக்கு வாற ரப்பில கனக்க இப்பிடிச் சிக்கினதுதான். செற்றிங்ஸில கணக்குகள் எண்ட இடத்துக்குப் போய் அந்தக் கணக்கை 'ரிமூவ்' பண்ணுங்கோ, பிறகு செற்றிங்ஸுக்குள்ளாலயே ரீசெற் பண்ணுங்கோ. மெமரி கார்ட் போட்டிருந்தால் அதைக் கழட்டித் தனியப் பாருங்கோ, ரீசெற் அதைத் துடைக்காது.

ரீசெற் பண்ண முதல் மல்லாவி உத்தியோகத்தர் சொன்னதைச் செய்யுங்கோ. ஆரின்ரையும் தேவையான படம் அதுக்குள்ள இருக்கோ எண்டு ஊரில சொல்லி ஒரு தவணை குடுங்கோ. கணக்குக்காரர் ஆரெண்டு தெரிஞ்சால் அவருக்கும் சொல்லுங்கோ. தன்ர போனில கூகிள் கணக்குக்குள்ள போய், சாதனங்கள் எண்ட பகுதியில உங்கட ரப்பைத் தெரிவு செய்து அங்கயிருந்தே வெளியேறலாம்.

ரீசெற்றுக்குப் பிறகும் அதில கெஸ்ட் வராது. வட்ஸ்அப்பை விட வேற தேவைக்கு ஆரும் எடுத்தால் குரோமில மறை தாவலை (இன்கொக்னிற்றோ) திறந்து குடுங்கோ. அதை மூடினால் போன பக்கங்களும் லொகின்களும் போயிடும். இறக்கின பைல் போகாது, அது டவுன்லோட் போல்டரில அப்பிடியே கிடக்கும். கலரியில அழிச்ச படமும் குப்பைத் தொட்டியில 30 நாள் மட்டில நிக்கும். ரெண்டு இடத்தையும் அந்த ஆளையே துடைக்கச் சொல்லுங்கோ.

கீபோட் ஜிபோட் எண்டால், அதின்ர செற்றிங்ஸில 'பிரைவசி' எண்ட இடத்தில கற்ற சொற்களை அழிக்கிற தெரிவு இருக்கு. ஒரு இலக்கத்தைக் காட்டி அதைத் திருப்பி அடிக்கச் சொல்லும், அடிச்சால் போயிடும். அதுக்குப் பிறகும் அந்த இமெயில் வந்தால் அது கீபோட் இல்லை, குரோம் சேர்த்து வைச்சிருக்கிறது. குரோமின்ர செற்றிங்ஸில முகவரிகள், பாஸ்வேர்ட் எண்ட ரெண்டையும் திறந்து, சேர்ந்து கிடக்கிறதை அழிச்சு, சேமிக்கிறதையும் ஓவ் பண்ணிவிடுங்கோ. சாம்சுங்கின்ர சொந்தக் கீபோட் எண்டால் இடம் கொஞ்சம் வேற, திரையைப் படம் எடுத்துப் போடுங்கோ, பாத்துச் சொல்லுறன். போட முதல் அந்த இமெயில் பேர்களை மறைச்சுப்போட்டுப் போடுங்கோ அக்கா.