எக்கார்ன் என்பதற்கு 'ஊரணிச்சொல்': ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டு எழுதினாலும், அது குறிக்கும் பொருள் மாறாமல் புதுக்காரணம் ஒன்று அதற்குப் பொருந்திவிடும் பிழைவகையை ஆங்கிலத்தில் எக்கார்ன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'செவிப்பிழை' என்றே பெயர் வைத்துவிடலாம் என்று முன்மடலில் நண்பர் எழுதியிருந்தார். அதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்ல, அந்தச் சொல் பிறந்த கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஓக் மரத்தின் கொட்டைக்கு ஆங்கிலத்தில் ஏகார்ன் என்று பெயர். அதை 'எக் கார்ன்' என்றே எழுதிவந்த ஒரு பெண்மணியைப் பற்றி 2003இல் லாங்குவேஜ் லாக் வலைப்பதிவில் மொழியியலாளர் மார்க் லிபர்மன் எழுதினார். இவ்வகைப் பிழைக்குத் தனிப்பெயர் இல்லையே என்ற பேச்சு எழுந்தபோது, அந்தப் பிழையையே பெயராக்கிவிடலாம் என்றவர் இன்னொரு மொழியியலாளரான ஜெஃப்ரி புல்லம். எக் என்றால் முட்டை, கார்ன் என்றால் தானியம். அந்தக் கொட்டையும் பார்வைக்கு முட்டை போலத்தான் இருக்கிறது. ஆகவே, அப்படி எழுதியவருக்கு அது பிழையென்று தோன்ற வழியே இல்லை. சொல் குறிக்கும் பொருள் மாறவில்லை. ஆனால் சொல்லுக்குள் ஒரு புதுக் காரணம் குடியேறிவிட்டது.

செவிப்பிழை என்பது, பாடல் வரியைத் தவறாகக் கேட்டு வேறு பொருள் கொள்ளும் மாண்டகிரீன் என்ற வகைக்குப் பொருந்தும். பழைய கதைப்பாடல் ஒன்றில், கொல்லப்பட்ட பிரபுவைப் புல்வெளியில் கிடத்தினார்கள் ('லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்') என்று வரும் அடியைச் சிறுவயதில் 'லேடி மாண்டகிரீன்' என்று கேட்டு, இல்லாத ஒரு சீமாட்டியையும் அவரோடு சேர்த்துச் சாகடித்த சில்வியா ரைட், 1954இல் அவ்வகைக்கு அந்தச் சீமாட்டியின் பெயரையே சூட்டினார். அங்கே பொருளே வேறாகிவிடுகிறது. எக்கார்னில் அப்படி ஆவதில்லை.

மரபிலக்கணத்தில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று தேடியதில் மரூஉ நெருங்கி வருகிறது. ஆனால் தஞ்சாவூர் தஞ்சை ஆவதில் நாவின் சோம்பல் உண்டே தவிர, புதுக்காரணம் எதுவும் இல்லை. எழுத்து மாறியும் பொருள் மாறாத போலியும் அப்படியே. மயங்கொலி என்பது ஒலிகளைப் பற்றியது, சொல்லைப் பற்றியது அன்று. 'பொருள்மரூஉ' என்று ஒட்டிப் பார்த்தேன். இலக்கணத் தேர்வு வினாத்தாளைப் படிப்பது போல இருந்தது.

எனவே ஆங்கிலம் செய்ததையே நாமும் செய்யலாம் என்பது என் கருத்து. அவர்களுடைய முட்டையை மொழிபெயர்க்க வேண்டாம். நம்மிடம் உள்ள பிழை ஒன்றையே வகைக்குப் பெயராக்குவோம்.

முதலில் நினைவுக்கு வந்தது வெண்ணீர். வெம்மையான நீர் வெந்நீர். அதை மூன்று சுழி 'ண்' போட்டு வெண்ணீர் என்று எழுதுவோர் ஏராளம். ஆனால் கொதிக்கும் நீர் வெண்மையானது என்று நினைத்து எவரும் அப்படி எழுதுவதாகத் தெரியவில்லை. அது வெறும் எழுத்துப்பிழையாக நின்றுவிடுகிறது. அடுத்தது, எங்கள் தெருக் காய்கறிக் கடையின் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்த கருவேப்பிலை. கறியில் இடுவதால் கறிவேப்பிலை என்று திருத்தப் போனால், அதன் கரும்பச்சை நிறத்தைக் காட்டிக் கடைக்காரர் என்னை மடக்கிவிட்டார். கன்னடத்தில் அதன் பெயர் கரிபேவு. அங்கே கரி என்றாலே கருமைதான். எது மூலம், எது திரிபு என்பதே வழக்காக இருக்கும் ஒரு சொல்லை மாதிரியாக நிறுத்துவது முறையாகாது.

ஊரணியில் அந்தத் தொல்லை குறைவு. 'ஊருணி நீர்நிறைந் தற்றே உலகவாம் பேரறி வாளன் திரு' என்பது 215ஆம் குறள். ஊரார் நீருண்ணும் குளம் என்பதால் அது ஊருணி. இன்று சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் பேச்சிலும் பெயர்ப்பலகையிலும் பெரும்பாலும் ஊரணிதான். ஊருக்கு அணி! மழைக்குப் பின் கரைதொட்டு நிற்கும் குளத்தைப் பார்த்தவர் எவரும் அந்தப் பெயரைப் பொருந்தாது என்று சொல்லமாட்டார். உண்பது மறைந்து அழகு வந்து அமர்ந்துவிட்டது. குளம் அதே குளம். உகரம் பேச்சில் தேய்ந்த பிறகுதான் 'அணி' என்ற பொருள் ஏறியது என்று யாரேனும் வாதிடலாம். வாதிடட்டும், காதில் விழுந்த ஒலிக்குப் பிறகு ஒரு காரணம் கிடைப்பதுதானே இவ்வகையின் இலக்கணமும்.

ஊரணி என்றவுடன் குளம்தானே நினைவுக்கு வரும் என்ற தடையை எதிர்பார்க்கிறேன். அதற்காகவே 'ஊரணிச்சொல்' என்று இணைத்திருக்கிறேன். பயன்பாட்டில் வைத்துப் பார்த்தால், 'இது ஊரணிச்சொல்லா, வெறும் எழுத்துப்பிழையா?' என்று கேட்பது இயல்பாகவே வருகிறது. அந்த வேறுபாட்டைச் செவிப்பிழை என்ற பெயரால் கேட்கவே முடியாது.

இதைவிடப் பொருத்தமான மாதிரி எவரிடமேனும் இருந்தால் என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தயங்கமாட்டேன். என் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருப்பது அரிவாள்மணை. மணை என்றால் பலகை என்பது மறந்துபோய், காய் நறுக்கும் அந்தக் கருவியைப் பலரும் 'அருவாமனை' என்று எழுதுகிறார்கள். மனையில்தானே இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறார்; அதற்கு என்னிடம் இன்னும் விடையில்லை.