அரை மணி நேரத்தில் தொலைந்த பிறந்தநாள்

பாயான் லெப்பாஸ்வாசி:
எங்கள் மேசைகளில் எல்லாம் விண்டோஸ். ராத்திரி நிரலைச் சோதிக்கும் டெஸ்ட் ஓடும் சர்வர் லினக்ஸ். நிரல் எழுதியது மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில். ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண்ணில் பிறந்த தேதியைக் குறிக்கும் முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் ஒரு டெஸ்ட், விண்டோஸில் பாஸ், லினக்ஸில் ஃபெயில். 1975 மே 10 பிறந்தவரை லினக்ஸ் மே 9 என்றது. 1990இல் பிறந்தவருக்கு ஒரு கோளாறும் இல்லை.

இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். இரண்டு கணினியிலும் நேர மண்டலம் கோலாலம்பூர்தான். கடைசியில் வீட்டில் புலம்பியபோது அம்மா சொன்னார்: "1982 பிறந்தப்போ கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வெச்சோமே, அதுவா இருக்குமோ?"

அதுவேதான்! சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று தீபகற்ப மலேசியா அன்றுதான், உலக நேரத்தைவிட (யுடிசி) 7:30 மணி முன்னால் என்பதிலிருந்து 8 மணி முன்னால் என்று மாறியது. லினக்ஸின் நேர மண்டலக் கோப்பில் அந்த வரலாறு இருக்கிறது. விண்டோஸுக்கோ மலேசியா என்றைக்கும் 8 மணிதான். மாதிரித் தரவை விண்டோஸில் உருவாக்கியபோது மே 10 நள்ளிரவு, உலக நேரத்தில் மே 9, 16:00 என்று பதிவானது. லினக்ஸ் அதோடு ஏழரை மணியைக் கூட்ட, மே 9 இரவு 11:30. தலைகீழாக லினக்ஸில் உருவாக்கி விண்டோஸில் படித்திருந்தால் மே 10, 00:30 வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

சர்வரில் நிரந்தரமாக 8 மணி வைத்துவிடலாம் என்றார் ஒருவர். அது ஒட்டுப்போடும் வேலை. பிறந்த தேதிக்கு மணி எதற்கு? டாட்நெட் 6இல் வந்த, மணி இல்லாமல் தேதியை மட்டும் வைக்கும் டேட்ஒன்லிக்கு மாற்றினோம்.

பிரிக்பீல்ட்ஸ்காரர்:
எங்களுக்கு வந்தது சாதாரணப் பேய். விண்டோஸில் சேமித்த ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய கோப்பு), லினக்ஸில் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்றது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் நிரலின் பெயர் இருக்கும் முதல் வரியின் கடைசியில், விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிஆர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்ததால், பாஷின் பெயரே மாறிப்போயிருந்தது. கிட்டின் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு லினக்ஸ் வரி முடிவான எல்எஃப் என்று எழுதி வைத்த பிறகு தொல்லை இல்லை.

பட்டர்வொர்த் மேக்:
மேக்கோடு வரும் பாஷ் இன்னும் 3.2தான். லினக்ஸில் ஓடிய அசோசியேட்டிவ் அரே (எண்ணுக்குப் பதில் பெயரால் தேடும் பட்டியல்) இதில் படுத்துவிட்டது, அது 4இல் வந்த வசதி. அப்புறம், அந்த 1975 டெஸ்டை இங்கேயும் ஓட்டிப் பார்த்தேன். மேக்கும் ஏழரை மணிக் கட்சிதான்.