பிளவக்கல் அணைப் பக்கம் யானை பார்த்தவர்கள் உண்டா?

திருநகர்க்காரர்:
பொங்கல் விடுமுறையில் மாமனார் வீட்டாரோடு பிளவக்கல் போய்வந்தோம். திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பு. அங்கிருந்து கூமாபட்டி தாண்டினால் அணை. 'பெரியாறு அணைக்குப் போறோம்' என்றதும் அம்மா, 'தேக்கடிக்கா?' என்று ஸ்வெட்டரைத் தேட ஆரம்பித்துவிட்டார். பிளவக்கல் அணைக்கும் பெரியாறு என்றுதான் பேர். தேக்கடியில் இருப்பது முல்லைப் பெரியாறு, இது பேரில் மட்டும் சொந்தம் கொண்டாடுகிற சின்ன அணை. முழு நீர்மட்டமே 47 அடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் கோவிலாறு அணை, அது 42 அடிச் சொச்சம். இரண்டுக்கும் முதுகுக்குப் பின்னால் மலை. 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமாக்கி, 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கிய காடு.

நாங்கள் போனது யானைக்காக. கிடைத்தது ஒரு கால்தடம். தோப்பை ஒட்டிய வாய்க்கால் சேற்றில், அளவெடுத்துக் குழித்ததுபோல வட்டமாக இருந்தது. உள்ளே நாலு விரற்கடை தண்ணீர் தேங்கி, அதில் தலைப்பிரட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன. என் மனைவி சாண் போட்டுப் பார்த்தாள், இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. மாமனார் ஒரு காலத்தில் புளி ஏலம் எடுத்துக் காட்டுக்குள் போய்வந்தவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து, தோளில் கிடந்த துண்டைத் தடத்தின் விளிம்பைச் சுற்றி வைத்து, சரியாக அந்த இடத்தில் முடிச்சுப் போட்டார். "முன்னங்கால் சுற்றளவைப் போல ரெண்டு மடங்கு, அதுதான் மாப்பிள்ளை அதோட உயரம்" என்றார். எட்டடி வந்தது. அப்புறம் யாரும் வாய்க்கால் பக்கம் நிற்கவில்லை.

நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். எந்த மாதம், எந்த நேரம் என்றும் சொல்லுங்கள்.

கூமாபட்டி தோப்புக்காரர்:
தம்பி, பொங்கலுக்கு வந்தால் எங்கே பார்ப்பது? ஐப்பசி, கார்த்திகை மழையில் அணை நிறைந்திருக்கும், மலைக்குள் எல்லா ஓடையிலும் தண்ணீர் ஓடும். அது எதற்கு இறங்கி வர வேண்டும்? வெளியூர்க்காரர்கள் அணை நிரம்பி மறுகால் போகிறதா என்று கேட்டுத்தான் வண்டி எடுக்கிறீர்கள். நிறைந்த அணை மனிதருக்கு, வற்றிய அணை மிருகத்துக்கு. பங்குனி, சித்திரையில் தண்ணீர் உள்வாங்கி, சேறு தெரிந்த இடத்தில் பச்சைப் புல் முளைக்கும். மேலே காடெல்லாம் சருகு. அப்போது பாருங்கள், மானும் வரும், காட்டுமாடும் வரும், இவரும் வருவார்.

வந்தவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் பரவாயில்லை. போகிற வழியில் என் தோப்பு. ஒரு சித்திரை ராத்திரி, எப்போதும் நரிக்குக்கூடக் குரைக்கிற நாய், சத்தமே இல்லாமல் கட்டிலுக்கு அடியில் வந்து படுத்தது. அதுதான் தந்தி. எழுந்து உட்கார்ந்தேன், டார்ச் அடிக்கவில்லை. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் அதே சத்தம். நெற்றியைக் கொடுத்துத் தள்ளி, மரத்தை ஒரு காலால் மிதித்துக்கொண்டு குருத்தை உருவுகிற சத்தம் அது. குருத்தைத் தின்றுவிட்டு மற்றதை அப்படியே போட்டுவிடும். விடிந்து எண்ணினால் பதினொரு மரம், எல்லாம் பாளை விடுகிற பருவம். முதல் வருடங்களில் வெடி போட்டால் ஓடும். இப்போது ஒதுங்கி நின்று, வெடி தீர்கிற வரை பொறுத்துப் பார்க்கிறது.

நிவாரணம் கேட்டுப் போனேன். விழுந்த மரத்தோடு நானும் நிற்கிற போட்டோ வேண்டும் என்றார்கள். ஏழெட்டு நடை நடந்து கிடைத்தது கன்று வாங்கவே காணாது. ஆனாலும் கோபம் யானை மேல் இல்லை. எங்கள் தாத்தா காலத்தில் அணையும் இல்லை, இவ்வளவு தோப்பும் இல்லை.

2025-ல் ஒரு ரீல்ஸைப் பார்த்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக எங்கள் ஊருக்கு வந்தார்களே, அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். குளிக்க அருவி எங்கே என்று கேட்டவனுக்கு வாய்க்காலைக் காட்டினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆசிரியை:
யானைக்காக வருகிற யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. சரணாலயமே அணிலின் பேரில்தான். பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு பழைய புளியமரத்தடியில் கட்டுச்சோறு பிரித்தோம். சாதத்தின் மேல் பொட்டுப்பொட்டாக ஏதோ விழுந்தது. எடுத்துப் பார்த்தால் புளி ஓடு. மேலே வாலைக் கிளையோரம் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் புளியம்பழத்தைப் பிடித்து உரித்துக்கொண்டிருந்தது. வீட்டு அணில் மாதிரி முதுகில் கோடு கிடையாது. சாம்பல் உடம்பில் நரை தூவினாற்போல ரோமம், வால் மட்டுமே உடம்பு நீளத்துக்கு இருக்கும். ஒரு பையன் கத்தினான். அவ்வளவுதான், கடகடவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் பக்கத்து மாமரத்துக்குத் தாவிவிட்டது.

இரண்டு மரத்தின் கிளைகள் தொட்டுக்கொள்கிற இடமாகப் பார்த்துத்தான் அது குச்சியும் இலையுமாகக் கூடு கட்டும். ஆபத்து என்றால் மண்ணில் கால் வைக்காமலே நாலைந்து மரம் தாண்டிவிடலாம். நடுவில் ஒரு கிளையை வெட்டினால் அதற்குப் பாலம் போச்சு. பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்தது. வீட்டுக்காரரிடம் நான் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சதுரகிரி போகிறவர்:
அமாவாசைக்குச் சதுரகிரி மலையேறப் போனபோது, அடிவாரத்துத் தாணிப்பாறைக்கு முன்னால் விடிகாலையில் சாலையோரம் எருமை நிற்கிறது என்று நினைத்து ஹாரன் அடித்துவிட்டேன். திரும்பியது. நாலு காலிலும் முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ் போட்டது மாதிரி. காட்டுமாடு! வண்டியை அணைத்துவிட்டு அப்படியே இருந்தேன். அதுவாகப் போக இருபது நிமிடம் ஆயிற்று. அன்றைக்கு என் சாமி தரிசனம் அங்கேயே முடிந்துவிட்டது.

திருநகர்க்காரர்:
அண்ணாச்சி, அப்படியானால் சித்திரையில் வருகிறோம். மாமனார் முடிச்சுப் போட்ட துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை, யாரையும் துவைக்கவும் விடவில்லை.

கூமாபட்டி தோப்புக்காரர்:
வாங்க. வெள்ளைச் சட்டை வேண்டாம், சென்ட்டும் வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்தான் தோப்பு உங்களுக்கு. அதற்கு மேல் மாமனாரே கேட்டாலும் நிற்க விடமாட்டேன்.