மறு: பேத்தைச்சுறாவா ஊதுசுறாவா, ரெண்டு இனத்துக்கும் எப்படிப் பேர் பிரிக்கிறது

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரில மழை, நெட் போய்ப் போய் வருது, அதான் பதில் லேட்டுங்க.

ஆங்கிலத்துல ஸ்வெல் ஷார்க்னு (swellshark) சொல்ற, வயித்த உப்ப வெக்கிற சுறாக்களுக்கு நம்ம தமிழ்ப் பேர்ப் பட்டியல்ல என்ன பேர் போடலாம்ங்கிறதுதான் கேள்வி. வந்த யோசனைகள்ல முதல்ல உப்புச்சுறா வேண்டாங்க. குன்னூர் மார்க்கெட்ல கருவாடு வாங்குறவங்ககிட்ட அதச் சொன்னா உப்புப் போட்ட சுறான்னுதான் எடுத்துக்குவாங்க. ஊதுசுறா கேக்க நல்லாருக்கு, ஆனா அது ஊதுறதே இல்லையே, எதிரி வந்தா தண்ணிய மடமடன்னு குடிச்சு வயித்த உப்ப வெச்சு பாறை இடுக்குல டைட்டா சிக்கிக்கும், அப்புறம் உருவி எடுக்கிறது ரொம்பக் கஷ்டம், கலிபோர்னியாவுல இருக்கிறது வாலையும் வாயில கவ்விக்கிட்டு வளஞ்சுக்கும். தூத்துக்குடி அண்ணன் சொன்ன பேத்தைதான் என் ஓட்டு. வயிறு உப்புற மீனுக்குக் கடக்கரைல ஏற்கனவே புழங்குற பேரு. பேத்தைன்னா இதையும் விஷ மீன்னு நெனச்சுருவாங்கன்னு டீச்சர் பயப்படுறாங்க, பின்னாடி சுறான்னு சேத்துட்டா அந்தக் குழப்பம் வராதுங்க டீச்சர்.

இப்ப கஷ்டமான இடம், ரெண்டு இனத்துக்குப் பேர் பிரிக்கிறது. அறிவியல் பேராலயே சொல்றேன். நியூசிலாந்து இசபெல்லம் (1788ல பேர் வெச்சது), தெற்கு ஆஸ்திரேலியாவோட லாட்டிசெப்ஸ் (1853), ரெண்டும் செபலோசில்லியம்ங்கிற பேரினம் (இந்த உப்புற சுறாக்களோட குழு), ரெண்டும் ஒரு மீட்டர் வரைக்கும் வளரும், ரெண்டையுமே அங்கங்க சதுரங்கப் பலகைச் சுறான்னுதான் கூப்பிடுறாங்க. அதனால தம்பி சொன்ன கட்டச்சுறா (கட்டம் போட்ட சுறா) எதையும் பிரிச்சுக் காட்டாது. முட்டைப்பைய, அதாவது குஞ்சு உள்ள வளர்ற உறையப் பாருங்க, அங்கதான் வித்தியாசம் பளிச்சுன்னு தெரியுது. லாட்டிசெப்ஸ் முட்டைப்பைல நம்மூர் கேரட் பாத்தி மாதிரி குறுக்கால வரிசையா வரப்பு இருக்கும், இருபது சொச்சம், உள்ள குஞ்சு பொரிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். இசபெல்லத்தோடது வழவழன்னு இருக்கும். கரையில ஒதுங்குற காலிப் பைய ஒரு பள்ளிக்கூடப் புள்ள கைல எடுத்தாக்கூட எந்த இனம்னு சொல்லிரும், அதுக்கு மேல என்ன வேணும்!

அதனால வரப்புமுட்டைப் பேத்தைச்சுறா, வழவழமுட்டைப் பேத்தைச்சுறா. நீளம்தான், ஒத்துக்கிறேன். ஆனா வழுமுட்டைன்னு சுருக்கினா பிழைங்கிற அர்த்தம் வந்து நிக்கும், அதுக்கு நீளமே பரவால்ல.

இன்னொண்ணு, நம்ம பக்கத்துலயே கொல்லம் கடல்ல ஆழத்துல ஒரு இனம் இருக்கு, சிலாசி, 1974ல விவரிச்சது, அரை மீட்டர்கூட வராத குட்டிச்சுறா. அதுக்கு இந்தியப் பேத்தைச்சுறான்னே போட்டுரலாம். பட்டியல்ல இந்த மூணையும் ஏத்தலாமா, மறுப்பு இருந்தா காரணத்தோட எழுதுங்க.